கோதுமை ஒவ்வாதோரும் நமது வீட்டுப் பாவனைப் பொருட்களும்

சோறும் மீனும் பனம்பொருளும் உண்டு வாழ்ந்த மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த பெருநிலக் கரையோரத்திலும், கோதுமை ஒரு நோய்க்குக் காரணமாகலாம் என்று கூறினால் நம்புவோர் சிலரே. பிள்ளையின் தீராத வயிற்றோட்டத்துக்குப் பூச்சி மருந்தும், குறையாத இரத்தச் சோகைக்கு இரும்புச் சத்துக் குளிசையும் மீண்டும் மீண்டும் கொடுத்துப் பயன் காணாத பெற்றோர், நெடிய அலைச்சலின் பின்னர் 'செலியாக் நோய்' என்ற பெயரை வைத்தியரிடமிருந்து கேட்டுத் திகைத்து நிற்கின்றனர். 'இனிப் பிள்ளை கோதுமையைத் தொடவே கூடாது' என்ற அறிவுரையுடன் வீடு திரும்பும் தாயின் மனத்தில் எழும் முதற் கேள்வி பாணைப் பற்றியது. இரண்டாவது கேள்வி சவர்க்காரத்தையும் பற்பசையையும் பற்றியது. எந்தப் பொருளில் கோதுமை ஒளிந்திருக்கிறது? எதை வீசுவது, எதை வைத்திருப்பது?

இக்கேள்விக்குத் தெளிவான விடை இல்லாதபோது இருவகைத் தவறுகள் நேர்கின்றன. ஒரு சாரார் அச்சத்தினால் குளியலறைப் பொருட்கள் அனைத்தையும் மாற்றி, கொழும்பிலிருந்து விலையுயர்ந்த இறக்குமதிப் பொருட்களை வரவழைத்துக் கடன்படுகின்றனர். மற்றொரு சாரார் சவர்க்காரத்தை மாற்றியதே போதுமென்று ஆறுதலடைந்து, சமையலறையைக் கவனியாது விடுகின்றனர். இவ்விரு தவறுகளையும் தவிர்க்க வேண்டுமாயின் நோயின் இயல்பை முதலில் நாம் அறிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

நோயின் இயல்பு

கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களிலுள்ள ஒருவகைப் புரதமே குளூட்டன் எனப்படுவது. மாவைப் பிசையும்போது இழுபடும் தன்மையைத் தருவது இதுவே. செலியாக் நோயுடையோரின் உடலில், இப்புரதம் சிறுகுடலை அடைந்ததும் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சத்துக்களை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து போகின்றன. அதன் விளைவாக வயிற்றோட்டம், வயிறு ஊதல், பிள்ளைகளின் வளர்ச்சி குன்றுதல், மருந்துக்குக் கட்டுப்படாத இரத்தச் சோகை, எலும்பு தேய்தல், தோலில் அரிக்கும் கொப்புளங்கள் என்பன தோன்றுகின்றன. சிலரில் வயிற்றுக் குறி எதுவுமின்றிச் சோகை மட்டுமே தென்படுவதும் உண்டு.

இந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை உலகுக்கு உணர்த்தியவர் நெதர்லாந்தின் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கே ஆவார். 1930களிலேயே அவருக்கு இந்த ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் போர் முற்றுகையினால் அந்நாட்டில் பஞ்சம் நிலவியது. பாண் கிடைக்காத அந்நாட்களில், ஏனைய பிள்ளைகள் மெலிய, இந்நோயுடைய பிள்ளைகள் தேறினர். பாண் மீண்டும் கிடைத்தபோது அவர்கள் மீண்டும் நோயுற்றனர். 1950இல் தமது ஆய்வேட்டில் அவர் இதனை நிறுவினார். போரையும் நிவாரணப் பங்கீட்டையும் அறிந்த நம்மவர்க்கு இவ்வரலாற்றின் பொருள் எளிதில் விளங்கும்.

உலகளாவிய நிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இந்தியாவில் 2016இல் வெளியான ஆய்வொன்று, கோதுமையை மிகுதியாக உண்ணும் வட மாநிலத்தவரில் நூற்றுக்கு ஒருவர் அளவிலும், அரிசி உண்ணும் தென் மாநிலத்தவரில் ஆயிரத்துக்கு ஒருவர் அளவிலும் இந்நோயைக் கண்டது. நமது உணவு தென்னகத்தாரின் உணவை ஒத்ததே. எனினும் கோதுமை மாவின் பங்கு நம் வீடுகளில் சிறிதன்று.

கோதுமை விளையாத நாட்டில் கோதுமை

'பாண்' என்ற சொல்லே 1560இல் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை அமைத்த போர்த்துக்கீசரின் மொழியிலிருந்து வந்ததாகும். இலங்கையில் கோதுமை பயிராவதில்லை. கப்பலில் வரும் தானியத்தை இங்கே அரைத்தே மாவாக்குகின்றனர். திருகோணமலையில் 1980இல் பெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியபின் கோதுமை மா நாட்டின் மூலைமுடுக்கெங்கும் சென்றது. போர்க்கால இடப்பெயர்வுகளின்போது நிவாரண அரிசியோடு கோதுமை மாவும் வழங்கப்பட்டதைத் தமிழரோ முஸ்லிம்களோ மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று பாண், பராட்டா, கொத்துரொட்டி, சமோசா, ரோல்ஸ் ஆகியவற்றில் மட்டும் கோதுமை இருப்பதாக எண்ணுவது தவறாகும். நம் வீடுகளில் பிட்டும் இடியப்பமும் அரிசி மாவில் மட்டுமே செய்யப்படுவதில்லை. அவித்த கோதுமை மாவைத் தனியாகவோ அரிசி மாவுடன் கலந்தோ பயன்படுத்துவது வழமை. கொழுக்கட்டைக்கும் மோதகத்துக்கும் அதுவே பல வீடுகளில் பயன்படுகிறது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மா சேர்ந்திருக்கும். சோயா சோஸ் வகைகளிற் பல கோதுமை சேர்த்துப் புளிக்க வைத்தவை. நோயாளியைப் பார்க்கச் செல்வோர் கையில் எடுத்துச் செல்லும் மோல்ட் பானங்கள், முளைவிட்ட பார்லியிலிருந்து செய்யப்படுவன. செலியாக் நோயாளிக்கு அன்பளிப்பாகத் தரும் போத்தலே அவரது நோயை வளர்ப்பதாக அமையலாம்.

குளியலறையில் உள்ளது என்ன?

இனி, தாயின் இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஷாம்பு, முகப்பூச்சு, தலைமுடிப் பூச்சு, உதட்டுச் சாயம் ஆகியவற்றில் கோதுமைப் பொருட்கள் சேர்க்கப்படுவது உண்மையே. முடிக்கு மினுமினுப்பும் தோலுக்கு ஈரப்பதமும் தருவதற்காகச் சிதைத்த கோதுமைப் புரதமும், விற்றமின் 'ஈ'க்காகக் கோதுமை முளை எண்ணெயும் சேர்க்கப்படுகின்றன. உறைகளில் இவை பெரும்பாலும் இலத்தீன் பெயரால் குறிக்கப்படுகின்றன. 'டிரிட்டிகம் வல்கேர்' என்றால் கோதுமை. 'ஹோர்டியம் வல்கேர்' என்றால் பார்லி. 'சிக்கேல் சீரியேல்' என்றால் றை. 'அவீனா சட்டைவா' என்பது ஓட்ஸ். ஓட்ஸ் தன்னளவில் வேறு தானியமாயினும் கோதுமையோடு கலப்புறும் வாய்ப்பு உள்ளதால் எச்சரிக்கை வேண்டும்.

ஆனால், செலியாக் நோய் குடலில் நிகழ்வது. நலமான தோலின் வழியாகக் குளூட்டன் உட்புகுந்து குடலைத் தாக்குவதில்லை. ஆகவே ஒரு பொருளைப் பற்றி நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே. இது வாய்க்குள் போகுமா? கையில் ஒட்டிக்கொண்டு வாய்க்குப் போகுமா? தூளாகப் பறந்து மூக்கு வழியே தொண்டைக்குள் இறங்குமா? மூன்றுக்கும் 'இல்லை' என்பதே விடையானால் அப்பொருளை அஞ்ச வேண்டியதில்லை. உடல் கழுவும் சவர்க்காரம், உடை கழுவும் தூள், தரை துடைக்கும் திரவம், நுளம்புச் சுருள் ஆகியன இவ்வகையின. ஷாம்புவையும் நன்கு அலசிவிட்டால் போதும். விரல் சூப்பும் குழந்தையின் கைகளில் தடவும் பூச்சு, உதட்டில் பூசுவன, பற்பசை, வாய் கொப்பளிக்கும் நீர் ஆகியனவே கவனத்துக்குரியன.

இவற்றிலும் அளவறிந்து அஞ்சுவதே அறிவுடைமை. இத்தாலிய ஆய்வாளர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பற்பசை, உதட்டுப் பூச்சு முதலிய 66 பொருட்கள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் 62 பொருட்களில் குளூட்டன், பத்து இலட்சத்தில் 20 பங்கு என்ற எல்லைக்குள்ளேயே இருந்தது. 4 பொருட்களே அவ்வெல்லையைத் தாண்டின. ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம் என்னும் இதே எல்லையையே சர்வதேச உணவு நியமமான 'கோடெக்ஸ்', 'குளூட்டன் அற்றது' எனக் குறிக்கும் உணவுக்கு 2008இல் வகுத்தது.

இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். பெரும்பாலான செலியாக் நோயாளர்க்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரையிலான குளூட்டன் தீங்கு விளைப்பதில்லை என்று கருதப்படுகிறது. அந்த எல்லையை ஒட்டிய குளூட்டன் கொண்ட பற்பசையில் ஒரு கிராமை எடுத்து, துப்பாமல் முழுவதையும் விழுங்கினாலும் உட்செல்வது 0.02 மில்லிகிராம். காலையும் மாலையும் அவ்வாறு செய்தாலும் 0.04 மில்லிகிராம் மட்டுமே. ஒரு கிராம் கோதுமை மாவிலோ சுமார் 80 மில்லிகிராம் குளூட்டன் உண்டு. அந்த ஒரு கிராம் மாவுக்கு ஈடான குளூட்டனைப் பற்பசையிலிருந்து பெற வேண்டுமாயின் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் இரு வேளையும் பற்பசையை விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு கிராம் மா என்பது, கழுவாத இடியப்ப உரலின் துளைகளில் ஒட்டியிருக்கக்கூடிய அளவேயாகும்.

அஞ்ச வேண்டிய பொருட்கள்

எனவே, நாம் தேட வேண்டிய 'குளூட்டன் அற்ற வீட்டுப் பொருள்' மருந்தகத்தின் கண்ணாடி அலுமாரியில் இல்லை. அது நமது அடுக்களையில் மாற்றி வைக்க வேண்டிய பாத்திரங்களிலேயே உள்ளது. கோதுமை மாப் பிட்டு அவித்த நீற்றுப்பெட்டி, மா அரித்த அரிதட்டு, புடைத்த சுளகு, மரத்தாலான இடியப்ப உரல் ஆகியவற்றை எத்துணை கழுவினாலும் பின்னல் இடுக்குகளிலும் மரத்தின் வெடிப்புகளிலும் மா தங்கிவிடும். நோயுள்ளவருக்கு இவை நான்கையும் புதிதாக வாங்கி, அடையாளமிட்டுத் தனியாக வைப்பதே சிறந்தது. பனையோலைப் பொருட்கள் நம் ஊரிலேயே கிடைப்பன. இறக்குமதிப் பற்பசை ஒன்றுக்குச் செலவிடும் பணத்தைவிட இது பயன்மிக்க செலவாகும். ரோல்ஸ் பொரித்த எண்ணெயில் பொரித்த பருப்பு வடையும், ரொட்டி சுட்ட தட்டில் வார்த்த தோசையும் அந்த நோயாளிக்கு ஆகா. பாத்திரம் துலக்கும் தும்பும் தனியாக இருத்தல் நன்று.

அடுத்தது, மா அரைக்கும் ஆலை. அரிசியும் குரக்கனும் உளுந்தும் மிளகாய்த்தூளும் கோதுமையும் ஒரே இயந்திரத்தில் மாறி மாறி அரைபடுகின்றன. முன்னவரின் தானியம் இயந்திரத்தினுள் தங்கியிருந்து பின்னவரின் மாவுடன் வருகிறது. தூய அரிசியைக் கொண்டுசென்று கலப்பு மாவைக் கொண்டுவருவதை நாம் உணர்வதில்லை. வீட்டிலேயே இடித்தோ மின் அரைப்பானில் அரைத்தோ கொள்வது பாதுகாப்பானது. இயலாதவர்கள், இயந்திரம் துப்புரவாக்கப்பட்ட பின்னர் காலையில் முதல் ஆளாக அரைத்து, முதலில் விழும் மாவை ஒதுக்கிவிடலாம். இது முழுப் பாதுகாப்பன்று. ஆயினும் கலப்பைக் குறைக்கும்.

பிள்ளைகளின் பொருட்களும் கவனத்துக்குரியன. பட்டம் ஒட்டவும் பள்ளிக் கைப்பணிக்கும் கோதுமை மாவைக் காய்ச்சிப் பசையாக்குவது நம் வழமை. முன்பள்ளிகளில் உருவங்கள் செய்யக் கொடுக்கும் வண்ண மாக்களி பெரும்பாலும் கோதுமை மாவும் உப்பும் சேர்ந்ததே. தூண்டிலுக்கு இரையாக மா குழைக்கும் பழக்கமும் உண்டு. இவை உண்ணும் பொருளல்லவாயினும் கை வழியே வாய்க்குச் செல்வன. அரிசி மாவில் பசை காய்ச்சலாம். அன்றேல், தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதைப் பிள்ளைக்குப் பழக்கலாம். கைகழுவும் அந்தச் சவர்க்காரத்தில் கோதுமை உண்டா என்று அஞ்சுவதை விடுத்து, கை கழுவப்பட்டதா என்று பார்ப்பதே முக்கியமாகும்.

மருந்துக் குளிசைகளில் மாப்பொருள் சேர்வதுண்டு. அது பெரும்பாலும் சோளம் அல்லது உருளைக்கிழங்கிலிருந்து பெறப்படுவது. மருந்துகளிலுள்ள குளூட்டன் பற்றி 2017இல் வழிகாட்டல் வரைவொன்றை வெளியிட்ட அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், கோதுமை மாப்பொருள் சேர்ந்திருந்தாலும் ஒரு வேளை மருந்தில் 0.5 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்க வாய்ப்பில்லை எனக் கூறியது. ஆகவே ஐயத்தின் பேரில் எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடலாகாது. மருந்தாளரிடம் கேட்டுத் தெளிதலே முறையாகும்.

ஒவ்வாமை வேறு, செலியாக் வேறு

இங்கு ஒரு வேறுபாட்டை வலியுறுத்தியே ஆக வேண்டும். கோதுமை ஒவ்வாமை என்பது செலியாக் நோயினின்றும் வேறானது. அது உடனடியாகத் தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றை உண்டாக்குவது. அதற்குத் தோலும் வாயிலாகலாம். ஜப்பானில் 'சா நோ ஷிஸுக்கு' என்ற முகச் சவர்க்காரத்தில் சிதைத்த கோதுமைப் புரதம் சேர்க்கப்பட்டிருந்தது. அதனை நாள்தோறும் முகத்தில் தேய்த்தவர்களின் உடல், தோல் வழியாகவும் கண் வழியாகவும் கோதுமையைப் பகையாகக் கற்றுக்கொண்டது. அதுவரை எத்தீங்குமின்றிக் கோதுமை உண்டு வந்தவர்கள், அதன்பின் பாண் உண்டு உடலுழைப்பில் ஈடுபட்டபோது இமை வீங்கி, மூச்சுத் திணறி மயங்கி விழுந்தனர். பாதிக்கப்பட்டோர் 2,000 பேருக்கும் மேற்பட்டோர். 2011இல் அச்சவர்க்காரம் மீளப் பெறப்பட்டது. இந்த அனுபவத்தின் பின்னர் ஐரோப்பிய ஒன்றியம், அழகுசாதனங்களில் சேர்க்கும் கோதுமைப் புரதத்தின் மூலக்கூற்று அளவுக்கு 2017இல் எல்லை விதித்தது. எனவே கோதுமை ஒவ்வாமை உடையோரும், தோலழற்சி உள்ள குழந்தைகளும் கோதுமைப் புரதம் சேர்ந்த பூச்சுகளைத் தவிர்ப்பதே நன்று. தம் நோய் இரண்டில் எது என்பதை வைத்தியரிடம் கேட்டு அறிந்துகொண்டாலே எதைத் தவிர்ப்பது என்பது தெளிவாகும்.

பரிசோதனைக்கு முன்னர் கோதுமையை நிறுத்திவிடுவதும் தவறாகும். குருதிப் பரிசோதனையும் குடல் இழையப் பரிசோதனையும், கோதுமை உண்டுகொண்டிருக்கும்போதே நோயைச் சரியாகக் காட்டும். அயலவர் சொல்லக் கேட்டு நிறுத்தியவருக்குப் பின்னர் நோயில்லை என்ற பிழையான முடிவு கிடைக்கலாம். நோயற்றவர் கோதுமையைத் துறக்க வேண்டிய தேவையும் இல்லை.

சமயமும் சமூகமும்

மன்னார் மாவட்டத்தில் கத்தோலிக்கர் பெருந்தொகையினர். நற்கருணை அப்பம் கோதுமையாலேயே ஆக்கப்பட வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். செலியாக் நோயுடையோர்க்குக் குளூட்டன் மிகக் குறைக்கப்பட்ட அப்பமோ, திராட்சை இரசத்தை மட்டும் பெறுவதோ அனுமதிக்கப்பட்டுள்ளது. முற்றிலும் குளூட்டன் அற்ற அப்பம் செல்லாது என 2017இல் வத்திக்கான் மீண்டும் அறிவித்தது. ஆகவே பெற்றோர் கூச்சமின்றிப் பங்குத் தந்தையுடன் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். அப்பம் தொடாத தனிக் கிண்ணம் தேவை என்பதையும் அவரிடம் தெரிவித்தல் நன்று.

முஸ்லிம் மக்களுக்கு உறையின் பின்புறத்தைப் படிக்கும் பழக்கம் புதிதன்று. ஜெலற்றினும் மதுசாரமும் உண்டா என்று பார்த்து வாங்குவது அவர்களது இல்லங்களில் வேரூன்றிய வழக்கம். 2013இல் ஹலால் முத்திரை சர்ச்சைக்குள்ளாக்கப்பட்டு, அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அப்பணியிலிருந்து விலகி, 2014 முதல் தனியான அமைப்பொன்று அதனைப் பொறுப்பேற்ற வரலாற்றை நாம் அறிவோம். தாம் உண்பதிலும் பூசுவதிலும் என்ன இருக்கிறது என்பதை அறிய முனைவது எவருக்கும் எதிரானதன்று என்பதைச் செலியாக் நோயாளரின் தேவை மேலும் தெளிவாக்குகிறது. எனினும் ஹலால் முத்திரை குளூட்டன் பற்றி எதுவும் கூறுவதில்லை என்பதை மறந்துவிடலாகாது. நோன்பு துறக்கும் வேளையில் அரிசிக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் அந்த நோயாளிக்கு உகந்தவை. அருகிலுள்ள சமோசாவும் அதனை எடுத்த அதே கரண்டியும் உகந்தவையல்ல.

செய்ய வேண்டியவை

உறையில் அச்சிடப்படும் சேர்மானப் பட்டியல் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்குமாயின் பேசாலையிலோ எருக்கலம்பிட்டியிலோ வங்காலையிலோ உள்ள தாய்க்கு அதனாற் பயனில்லை. கோதுமையும் பார்லியும் சேர்ந்திருந்தால் அதனைத் தமிழிலும் சிங்களத்திலும் எளிய சொற்களில் குறிக்கச் செய்வது உணவு, மருந்து, நுகர்வோர் நலன் ஆகியவற்றுக்குப் பொறுப்பான அதிகார சபைகளின் கடமையாகும். ஆலை உரிமையாளர்கள் வாரத்தில் ஒரு காலைப்பொழுதை, துப்புரவாக்கிய இயந்திரத்தில் கோதுமை தவிர்ந்த தானியங்களுக்காக மட்டும் ஒதுக்கினால் பல குடும்பங்களின் சுமை குறையும்.

கட்டுக்கரைக்குளத்து நீரில் விளையும் நெல்லும், பனங்கிழங்கைக் காயவைத்துப் பெறும் ஒடியல் மாவும், குரக்கனும் சோளமும் இயல்பாகவே குளூட்டன் அற்றவை. மேலைநாடுகளில் 'குளூட்டன் அற்றது' என்ற இரு சொற்களுக்காக மக்கள் மிகையான விலை கொடுக்கின்றனர். தனி ஆலையும் முறையான ஆய்வுகூடச் சான்றும் இருக்குமாயின், கூட்டுறவுச் சங்கங்களும் 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபையும் நம்மூர் ஒடியல் மாவையும் அரிசி மாவையும் அச்சொற்களுடனேயே உலகச் சந்தைக்கு அனுப்ப முடியும். ஆனால் அதற்கு முன்னர், நம்மூர்ப் பிள்ளை ஒன்றுக்கு அந்த மா கலப்பின்றிக் கிடைக்க வேண்டும்.

மருந்துக்குக் கட்டுப்படாத சோகையும் நீங்காத வயிற்றோட்டமும் உள்ள பிள்ளையின் பெற்றோர், 'இது செலியாக் நோயாக இருக்குமா?' என்று வைத்தியரிடம் ஒருமுறை கேட்கட்டும். நோய் உறுதியானால் அச்சம் வேண்டாம். சவர்க்காரப் பெட்டியைப் படிக்கும் முன்னர் சுளகையும் நீற்றுப்பெட்டியையும் மாற்றுவோம். பத்தியம் பிசகாது காத்தால் குடல் தானாகவே ஆறும் என்பதே இந்நோய் நமக்குத் தரும் பெரும் ஆறுதலாகும்.